கள்ளர் படத்தில் என்ன இருக்கிறது?

பாரிஸ்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள அப்பா அறிவது,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் தங்கச்சி வீட்டாரும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். தொலைபேசியில் நான் சொல்வது உங்கள் செவிக்குச் சரியாக எட்டுவதில்லை என்பதாலும், அம்மா இடையில் புகுந்து பாதியைத் தன் பாட்டில் மாற்றிச் சொல்லிவிடுகிறார் என்பதாலும், இதைக் கடிதமாகவே எழுதத் துணிந்தேன். கிழமையில் கிடைக்கும் ஒரேயொரு லீவு நாளையும் நான் பழைய கறுப்பு வெள்ளைக் கள்ளர் படங்களில் கரைப்பதாக அம்மா சொன்னாராம். "பட்டறைக்காரன் பிள்ளைக்கு நகைக்கடை உடைக்கிற படத்தில் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியை இரண்டு கிழமையாக மனதில் வைத்திருந்துதான் எழுதுகிறேன்.

நான் வந்த முதல் வருடம் உங்களுக்குத் தெரியும். உணவகமொன்றின் நிலவறைக் குசினியில் கோப்பை கழுவும் வேலை. மேலேயிருந்து கத்திச் சொல்லும் பிரெஞ்சில் எனக்கு விளங்கியவை 'சூடு', 'விரைவு', 'இல்லை' என்ற மூன்று சொற்கள் மட்டும். திங்கட்கிழமை உணவகம் பூட்டு. அன்றைக்கு அறையில் இருந்தால் குளிர், நம் சனங்களின் கடைத்தெருவான லாச்சப்பல் பக்கம் போனால் தெரிந்தவர்களின் விசாரணை. அதனால் சோர்போன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஷம்போலியோன் தெருவுக்குப் போகத் தொடங்கினேன். நம்முடைய குச்சொழுங்கை அளவான அந்தத் தெருவில் பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் போடும் சிறிய தியேட்டர்கள் மூன்று இருக்கின்றன. சூடேற்றிய மண்டபத்தில் இரண்டு மணி நேரம் இருக்கலாம் என்பதைத் தவிர வேறு எந்தக் கலைத் தாகமும் அன்று எனக்கு இருக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்படி உள்ளே போய் இருந்து பார்த்த முதல் படம், 1955ஆம் ஆண்டில் வந்த 'ரிஃபிஃபி'. முதல் பாதி முழுவதும் ஆட்கள் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். தெருப் பேச்சு வேறு. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு நான்கு பேர் இரவில் ஒரு நகைக்கடைக்கு மேலேயுள்ள வீட்டுக்குள் நுழைகிறார்கள். அந்த நேரம் தொடங்கிக் கிட்டத்தட்ட அரை மணித்தியாலத்துக்குப் படத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை, பின்னணி இசையும் கிடையாது. எனக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கிழவர் இருந்தார். அவருக்கு விளங்கிய அவ்வளவும் எனக்கும் விளங்கியது. இந்த நாட்டுக்கு வந்தபின் இன்னொருவருக்குச் சமமாக ஓரிடத்தில் இருந்தது அதுவே முதல் தடவை.

அந்த அரை மணித்தியாலத்தைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கடையின் கூரைக்கு மேலே, அந்த வீட்டுத் தரையில், சீலை சுற்றிய உளியால் ஒரு சிறிய துளை போடுகிறார்கள். கடைக்குள் இருக்கும் எச்சரிக்கை மணி சிறு அதிர்வுக்கும் ஒலிக்கக்கூடியது. அதனால் ஒரு சுண்ணாம்புக் கட்டிகூடக் கீழே விழக்கூடாது. அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? மடித்த குடையொன்றைத் துளைவழியாக இறக்கி, கீழே அதை விரித்துவிடுகிறார்கள். பிறகு துளையைப் பெரிதாக்கும்போது உடைந்து விழும் சுண்ணாம்பெல்லாம் தலைகீழாகத் தொங்கும் குடைக்குள் வந்து சேர்கிறது. அந்த இடத்தில் எனக்கு உங்களுடைய பட்டறைதான் நினைவுக்கு வந்தது. அரம் போடும்போது மடியில் தோலை விரித்து, விழுகிற பொன் பொடியை ஒரு துகள் தவறாமல் கூட்டியெடுத்துச் சிரட்டையில் போட்டு வைப்பீர்களே, அதே கவனம். நான் மூச்சு விட்டால் பொடி பறந்துவிடும் என்று சின்ன வயதில் என்னைத் தள்ளி இருக்கச் சொல்வீர்கள். அன்று அந்த மண்டபத்திலும் ஒருவரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

மணியை அடக்க அவர்கள் கொண்டு வருவது தீயணைக்கும் கருவி. அதன் நுரையை மணிப் பெட்டிக்குள் அடித்து நிரப்பி ஓசையை விழுங்கச் செய்கிறார்கள். அதே மாதிரி மணியொன்றை முன்னரே வாங்கி வைத்து, எது பலிக்கும் எது பலிக்காது என்று பரிசோதித்துப் பார்ப்பதையும் படம் பொறுமையாகக் காட்டியிருக்கும். களவு என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அது நான்கு தொழிலாளிகளின் ஓர் இரவு வேலை. ஒருவன் வியர்வையைத் துடைக்கிறான், ஒருவன் மணிக்கூட்டைப் பார்க்கிறான், ஒருவனின் கை சோரும்போது மற்றவன் சொல்லாமலே வாங்கிக்கொள்கிறான். எங்கள் குசினியில் வெள்ளிக்கிழமை இரவு நெரிசலில், வங்காளி ஒருவர், மாலி நாட்டவர் ஒருவர், நான் என மூன்று பேரும் ஒரே மொழி இல்லாமல் அப்படித்தான் வேலை செய்கிறோம்.

படத்தை எடுத்தவரைப் பற்றிப் பிறகுதான் தேடி அறிந்தேன். ஜூல்ஸ் டாஸின் பிரெஞ்சுக்காரர் அல்லர், அமெரிக்கர். கம்யூனிஸ்டுகளைத் தேடிய விசாரணையில் 1951ஆம் ஆண்டில் அவருடைய பெயரைத் தொழில் நண்பர்களே சொல்லிக் கொடுத்ததால், ஹாலிவுட்டில் வேலை இல்லாமற்போய், ஐரோப்பாவில் சில வருடங்கள் படம் கிடைக்காமல் இருந்தவர். பிரெஞ்சு அவருக்குச் சரிவர வராது. படத்துக்கு மூலமான நாவல் தெருப் பேச்சில் எழுதப்பட்டிருந்தபடியால் அவரால் அதை வாசிக்கவே முடியவில்லையாம். அப்படிப்பட்டவர் படத்தின் உயிரான பகுதியைச் சொல்லில்லாமல் எடுத்தது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை. இசையமைப்பாளர் ழோர்ஜ் ஓரிக் அந்தப் பகுதிக்கும் இசை எழுதித்தான் வைத்திருந்தார். டாஸின் இசையோடு ஒருமுறையும் இசையில்லாமல் ஒருமுறையும் போட்டுக் காட்ட, இசை வேண்டாம் என்று ஓரிக்கே ஒப்புக்கொண்டாராம். தன்னுடைய உழைப்பைத் தானே வெட்டியெறியச் சம்மதித்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. வெயில் அடிக்கிற நாளில் தெருக் காட்சிகளை எடுக்க டாஸின் மறுத்தாராம், அவருக்கு மப்பு வானம்தான் வேண்டும். பாரிஸில் கார்த்திகையில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஊரில் நீங்கள் நினைக்கிற மினுக்கப் பாரிஸ் எங்கேயோ இருக்கக்கூடும். நான் காலை வேலைக்குப் போகும் பாரிஸ் இந்தப் படங்களில் உள்ள ஈயநிறத் தெருதான்.

இத்தாலிக்காரனான பெட்டகம் திறப்பவனாக டாஸினே நடித்திருக்கிறார். அந்த வேடத்தின் தவறு உங்களுக்குச் சுவைக்கும்: எல்லாம் முடிந்து போகும்போது, கணக்கில் சேராத ஒரு மோதிரத்தைத் தனியாக எடுத்துப் பையில் போடுகிறான், அதை ஓர் இரவு விடுதிப் பாடகிக்குக் கொடுக்கிறான். அந்த ஒரு மோதிரத்தில் நான்கு பேருடைய உயிரும் போகிறது. "ஒரு குன்றிமணி குறைந்தால் கடையே போய்விடும்" என்று நீங்கள் தராசைப் பிடித்துக்கொண்டு சொல்வது இதுதானே. கள்ளர் படம் களவைக் கற்றுக்கொடுக்கும் என்று பயப்படுகிறீர்கள். அந்தக் காலத்தில் சில நாடுகள் அதே பயத்தில் இந்தப் படத்தைத் தடை செய்தும் இருந்தன. ஆனால் நான் பார்த்த எந்தப் பிரெஞ்சுக் கள்ளனும் எடுத்த பொன்னை அனுபவித்ததில்லை.

1954ஆம் ஆண்டில் ழாக் பெக்கர் எடுத்த 'துஷே பா ஓ க்ரிஸ்பி' என்ற படத்திலும் அப்படித்தான். க்ரிஸ்பி என்றால் பழைய தெருப் பேச்சில் காசு. (அந்தச் சொல்லை நான் ஒருநாள் குசினியில் சொல்லப்போய், சம்பளத்தைக் கேட்கிறேனா கொள்ளைப் பங்கைக் கேட்கிறேனா என்று தலைமைச் சமையற்காரர் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் சென்றது.) ழான் கபான் ஐம்பதை எட்டிய கொள்ளைக்காரனாக நடிக்கிறார்; பொற்கட்டிகளை அடித்தாயிற்று, இனி ஓய்வெடுக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். எதிரிகள் தேடி அலையும் இரவில், தன் தோழனை ஒளிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே துப்பாக்கியை நீட்டப் போகிறார்கள் என்று நாம் பார்த்திருக்க, அவர் வைன் போத்தலைத் திறந்து, வாட்டிய ரொட்டியில் இறைச்சிப் பசையைத் தடவி இருவரும் சாப்பிடுகிறார்கள். பிறகு தோழனுக்குத் துவாயும் இரவு உடுப்பும் பற்தூரிகையும் எடுத்துக் கொடுக்கிறார். இருவரும் பல்லைத் துலக்கிவிட்டுப் படுக்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது இது எதற்கு என்று நினைத்தேன். ஒரே அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்த காலத்தில், புதிதாக வந்து இறங்கிய பெடியன் ஒருவனுக்கு இப்படித்தான் துவாயும் பாயும் கொடுத்தோம் என்பது நினைவுக்கு வந்தபின், அந்தக் காட்சிக்காகவே அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்துவிட்டேன். கடைசியில் அந்தத் தோழனை மீட்கப் பொன்னைக் கொடுக்கச் சம்மதித்து, பொன்னும் போய்த் தோழனும் போய், கபான் எப்போதும் போகும் சாப்பாட்டுக் கடைக்கே திரும்பி வருகிறார்.

இந்தப் படங்களில் எனக்குப் பிடிக்காததையும் எழுதினால்தான் நியாயம். பெண்களை அறைவதும் அடிப்பதும் ஆண்மையின் அடையாளம்போல வந்துபோகிறது. 'ரிஃபிஃபி'யிலேயே சிறையிலிருந்து வந்தவன் தன் பழைய காதலியைத் தோல் வாரால் அடிக்கும் ஒரு காட்சி உண்டு. தங்கச்சி பக்கத்தில் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பாள், நான் தடுத்திருக்கமாட்டேன்.

லாச்சப்பலிலிருந்து இரண்டாம் இலக்க மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம், இரவு விடுதிகளுக்குப் பேர்போன பிகால். நம் சனங்கள் முருங்கைக்காயும் பச்சை மிளகாயும் வாங்கிப் பையோடு ஏறும் அதே வண்டி, இந்தக் கொள்ளைக்காரரின் தலைநகரைத் தாண்டித்தான் போகிறது. ழான்-பியேர் மெல்வில் என்பவர் 1956ஆம் ஆண்டில் எடுத்த சூதாடியின் கதை அங்கே விடியற்காலையில் தொடங்குகிறது. கடைசி மெட்ரோவைத் தவறவிட்டு நடந்து வரும் இரவுகளில் அந்தச் சதுக்கத்தைக் கடந்திருக்கிறேன். விடுதிகளின் விளக்கு அணைந்தபின் அங்கே மிஞ்சுவது தெருக் கழுவுகிறவர்களும் என்னைப் போன்ற கோப்பை கழுவுகிறவர்களும்தான்.

மெல்வில், ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த யூதர். பிறப்புப் பெயர் க்ரும்பாக், அந்தக் காலத்தில் எடுத்துக்கொண்ட பெயரையே பிறகும் வைத்துக்கொண்டார். 1967ஆம் ஆண்டில் அவர் எடுத்த 'லெ சமுராய்' படத்தில் அலென் தெலோன் கூலிக்குக் கொலை செய்பவராக வருகிறார். அது வண்ணப் படம்தான், ஆனால் வண்ணமெல்லாம் வெளுத்துச் சாம்பலாகிக் கிடக்கும். தொடக்கத்தில் பத்து நிமிடமளவுக்குப் பேச்சில்லை: வெறும் அறை, கட்டிலில் ஒரு மனிதன், கூட்டுக்குள் ஒரு சிறு குருவி. வெளியே போகுமுன் கண்ணாடி முன்னால் நின்று தொப்பியின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிச் சரிசெய்கிறான். கொலைகாரன்மேல் இரக்கம் கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அந்த அறையை எனக்குத் தெரியும். பொலிஸ் அவனை மெட்ரோவில் துரத்தும் பகுதியில் வருகிற தெலெகிராஃப், ஷூர்தான் நிறுத்தங்கள் நான் இப்போது வேலைக்குப் போகும் பதினோராம் இலக்கப் பாதையில்தான் இருக்கின்றன. கதவு மூடும் நேரத்தில் ஒருவர் பாய்ந்து இறங்கினால் நான் இன்றும் திரும்பிப் பார்ப்பேன். விசா இல்லாத காலத்தில் பரிசோதகரைக் கண்டு அப்படி இறங்கி ஓடியவன் நானும்தான்; அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

கடைசியாக ஒரு படம். 1960இல் வெளிவந்த 'லெ த்ரு', அதாவது 'துளை'. இதுவும் பெக்கர் எடுத்ததுதான். வெளிவருமுன்னரே அவர் இறந்துவிட்டார். பாரிஸின் சாந்தே சிறையிலிருந்து 1947இல் தப்ப முயன்றவர்களின் உண்மைக் கதை. தப்ப முயன்றவர்களில் ஒருவரே அதில் நடிக்கிறார். படத்தின் தொடக்கத்தில் கார் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, இது தன்னுடைய கதை என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறார். பற்தூரிகைக் காம்பில் கண்ணாடித் துண்டைக் கட்டிக் கதவுத் துளையால் வெளியே பார்க்கிறார்கள். இரண்டு மருந்துப் போத்தலை இணைத்து மணல் நிரப்பி மணிக்கூடு செய்கிறார்கள். கட்டிலிலிருந்து கழற்றிய இரும்பால் சீமெந்துத் தரையை உடைக்கும் காட்சி, நான்கு நிமிடமளவுக்கு வெட்டே இல்லாமல் ஓடுகிறது. முதலில் தூசி மட்டும் பறக்கிறது, பிறகு கீறல், பிறகு ஒரு சிறு குழி. நடிப்பில்லாமல் உண்மையாகவே உடைக்கிறார்கள். நீங்கள் இதைப் பார்த்தால் கதையைக் கவனிக்கமாட்டீர்கள், அந்தக் கையை மட்டும் பார்ப்பீர்கள் என்று எனக்கு நிச்சயம்.

ஆகவே ஒரு விடயத்தில் உங்கள் உதவி வேண்டும். 'ரிஃபிஃபி'யில் பெட்டகத்தைச் சரித்து, அதன் பின்புறத் தகட்டை, நெருப்பும் ஊதுகுழலும் இல்லாமல், கையால் சுழற்றி வட்டமாக அறுக்கும் கருவியொன்றால் திறக்கிறார்கள். அவ்வளவு தடித்த இரும்பை ஒரே இரவில் அப்படி அறுக்க முடியுமா, அல்லது சினிமாக்காரர் எங்களை ஏய்த்துவிட்டார்களா? பக்கத்துப் பட்டறை மாமாவையும் கேட்டு எழுதுங்கள். காட்சியைப் படமாக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அளவுகள் நினைவிலிருந்து போட்டவை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்