15 வயதில் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற கால்பந்து நடுக்கள ஆட்டக்காரர்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜிடான், சாவி, பிர்லோ எல்லோரும் தகுதியானவர்கள்தான். ஆனால் அத்தனை பெரிய கட்டுரையில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லையே! ஜப்பானின் ஹொமாரே சவாவை எப்படி விட்டீர்கள்?

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அவர்களைவிட முக்கியமாக அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை சவாவுடையது.

1978இல் டோக்கியோவின் ஃபுச்சு நகரில் பிறந்தவர். 1993இல், 15 வயதில், தேசிய அணிக்காக முதன்முதலில் களமிறங்கி பிலிப்பைன்ஸுக்கு எதிராக 4 கோல் அடித்தார். பிறகு அமெரிக்காவுக்குப் போய் அட்லாண்டா பீட் அணியில் ஆடினார். 2003இல் அந்த அணி ஆடிய பெண்கள் லீக்கையே இழுத்து மூடிவிட்டார்கள். ஊர் திரும்பிப் பழைய கிளப்பில் சேர்ந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். 1995 முதல் 2015 வரை 6 உலகக் கோப்பைகள், ஜப்பானுக்காக 205 ஆட்டங்கள், 83 கோல்கள்.

2011 உலகக் கோப்பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த மார்ச் 11இல்தான் ஜப்பானை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. நான்கு மாதம்கூட ஆகாத நிலையில் ஜெர்மனிக்குப் போன அணிக்கு சவா கேப்டன். மெக்சிகோவுக்கு எதிராக ஹாட்ரிக். காலிறுதியில் ஜெர்மனியை அதன் மண்ணிலேயே வீழ்த்தினார்கள். ஃபிராங்க்ஃபர்ட் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 2-1 என்று முன்னிலை. 117ஆவது நிமிடம் சக வீராங்கனை மியாமா கார்னர் அடிக்கிறார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்கம்பத்துக்கு ஓடிவந்த சவா, வலது காலின் வெளிப்பக்கத்தால் பந்தைத் தட்டிவிட, அது வலைக்குள் போய்விட்டது. பெனால்டியில் 3-1 என ஜப்பானுக்குக் கோப்பை. தொடரின் சிறந்த வீராங்கனை, அதிக கோல் அடித்தவர் என்ற இரண்டு விருதுகளும் அவருக்கே. உலகின் சிறந்த வீராங்கனை விருதை வாங்க ஜூரிக் மேடைக்குக் கிமோனோ உடுத்திப் போனார்.

உலகக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 32. அது அவருடைய 5ஆவது உலகக் கோப்பை. அதற்கு முந்தைய நான்கிலும் ஜப்பான் காலிறுதியைத் தாண்டியதே இல்லை.

கால் வேகம் இருந்தால் ஃபார்வர்டு 17 வயதிலேயே பெயர் வாங்கிவிடலாம். நடுவில் ஆடுகிறவளுக்கு அப்படி அல்ல. பந்து காலுக்கு வருமுன்பே இரண்டு தோளுக்குப் பின்னாலும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுக்காமல் வைத்திருப்பது என்பதெல்லாம் ஆடி ஆடித்தான் வரும். அதற்கு வருடங்கள் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்காதது அந்த வருடங்களைத்தான்.

பாலக்கோடு பக்கத்துப் பெண் ஒருத்தி குறுவட்டப் போட்டியில் வெறுங்காலில் சென்டரில் நின்று ஆடினாள். இடது காலால் அவள் தள்ளிய பந்தெல்லாம் சொல்லிவைத்தாற்போல் விங்கில் ஓடுகிறவளின் முன்னால் போய் விழுந்தது. பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பயிற்சிக்கு வருவது நின்றது. வீட்டுக்குப் போனேன். வாசலில் தக்காளியைப் பெட்டியில் தரம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த அப்பா, "நல்லாத்தான் ஆடுறா மிஸ். ஆனா வயசுக்கு வந்த புள்ள. மாமன் வீட்ல வேற கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார். அவளுக்கு அப்போது 15 வயது. எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் மைதானத்துக்கு வரவே இல்லை. குழந்தைத் திருமணம் என்றாலே எங்கள் மாவட்டத்தின் பெயர் அடிபடுவதை நீங்களே செய்தியாகப் போட்டிருக்கிறீர்கள்.

சவாவுக்குத் திருமணம் நடந்தது 2015இல். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் பேரரசி கோப்பை இறுதி ஆட்டத்தில் கார்னரைத் தலையால் முட்டி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்து, கோப்பையோடு விடைபெற்றார். அப்போது வயது 37.

ஜப்பானில்தானே இதெல்லாம் நடக்கும் என்பவர்களுக்குக் கடலூர் இந்துமதி கதிரேசனைக் காட்டுவேன். இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற சேது எஃப்.சி. நம் மதுரை அணிதான்.

சவாவைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். மாவட்டப் போட்டிச் செய்திகளில் மாணவியர் அணிகளின் முடிவை ஒரு வரியில் முடிக்காமல், கோல் அடித்தவளோடு பந்தைக் கொடுத்தவளின் பெயரையும் போடுங்கள். மகளின் பெயரைப் பேப்பரில் பார்த்த அப்பாவிடம் அடுத்த வருடமும் அவளை அனுப்பச் சொல்லி ஒரு டீச்சர் துணிந்து கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்.