ரிப்போர்ட்டைத் திறந்து பார்ப்பது யார்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் வாழ்த்துகள். புதிய சாஃப்ட்வேர் வாங்கும் குழுவுக்கு உன்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள் என்றால், ஒன்று உன் மேல் நம்பிக்கை வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நாளைக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டியிருக்க வேண்டும். முகத்தைச் சுளிக்காதே, இந்தத் துறையில் தலை நரைத்தவன் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். வேலையை விட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் பாடம் எடுத்து வருகிறேன். முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. மகள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள். அவளும் கணினித் துறைதான். சொன்னால் கேட்டால்தானே!

சரி, இந்தப் புது சாஃப்ட்வேர் கம்பெனியின் வியூகத்துக்கு, அதாவது போட்டியில் முந்துகிற திட்டத்துக்கு, உண்மையிலேயே உதவுமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். 'இந்த சிஸ்டம் வந்துவிட்டால் போட்டியாளர்கள் நம்மை நெருங்கவே முடியாது' என்று உங்கள் எம்டி சொன்னதாக எழுதியிருந்தாய். அதே சாஃப்ட்வேரை அதே விற்பனையாளர் உங்கள் போட்டியாளருக்கும் விற்பார் என்பதை அவரிடம் யாராவது மெல்லச் சொன்னால் நல்லது. 2003-ல் நிக்கோலஸ் கார் என்பவர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் இதைத்தான் எழுதி ஒரு பெரிய சண்டையைக் கிளப்பினார். காசு கொடுத்தால் எவருக்கும் கிடைக்கிற ஒன்று எவருக்கும் தனி பலம் தராது என்பது அவர் வாதம். பாதிதான் சரி என்பது என் கருத்து. சாஃப்ட்வேரைக் கடையில் வாங்கலாம், அதில் வருகிற எண்ணைப் பார்த்து ஒரு முடிவை மாற்றுகிற பழக்கத்தை எங்கே போய் வாங்குவது?

நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். ஒரு தகவல் அமைப்பு வியூகத்துக்கு உதவுகிறதா என்று தெரிய வேண்டுமானால், அது வந்த பிறகு எந்த முடிவு மாறும், யார் எடுக்கிற முடிவு மாறும் என்று கேள். பதில் வரவில்லை என்றால் அது பழைய கணக்குப் புத்தகத்தைத் திரையில் காட்டுகிற வேலை மட்டும்தான். அதுவும் தேவைதான், ஆனால் அதற்கு வியூகம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

என் மாணவர்கள் பரீட்சையில் ஒரு பிரமிடு வரைவார்கள். அடியில் அன்றாட வேலை, நடுவில் கட்டுப்பாடு, உச்சியில் வியூகம். 1965-ல் ஹார்வர்டின் ராபர்ட் ஆண்டனி செய்த பிரிவு அது. தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, வியூகத்துக்கான தகவல் என்றால் இயக்குநர் மேஜைக்குப் போகிற வண்ண வண்ண டாஷ்போர்டு, அதாவது எண்களைப் படமாகக் காட்டும் திரை, என்றே எல்லோருக்கும் பதிந்துவிட்டது. நான் பார்த்தவரை விஷயம் அடிமட்டத்தில்தான் இருக்கிறது.

பிரிட்டனில் ஜே. லயன்ஸ் என்று ஒரு நிறுவனம் தேநீர்க் கடைகள் நடத்தி வந்தது. வணிகத்துக்கென்றே லியோ என்ற கணினியைத் தாங்களே கட்டி 1951-ல் வேலைக்கு விட்டவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் ஒரு கேட்டரிங் கம்பெனி கணினி கட்டியது வேடிக்கையாகத் தெரியலாம். எனக்குப் பிடித்தது 1954-ல் அவர்கள் தொடங்கிய கடை ஆர்டர் ஏற்பாடு. ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான ஆர்டர் கணினியிடம் இருக்கும். கடையை நடத்தும் பெண் தினமும் முழுப் பட்டியலை எழுத வேண்டாம். நாளைக்கு எது கூட வேண்டும், எது குறைய வேண்டும் என்று மாற்றத்தை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். அதை வைத்தே பொருள்களைக் கட்டி அனுப்பும் பட்டியல் முதல் மேலாளருக்கு வேண்டிய புள்ளிவிவரம் வரை எல்லாம் வந்துவிடும். நாளைக்கு எவ்வளவு விற்கும் என்று தெரிந்தவள் அவள். அவள் தலையில் இருப்பதை அவளுக்குச் சிரமம் தராமல் வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு இருபது கட்டம் நிரப்பச் சொல்லும் படிவங்களைப் பார்த்தால் எனக்கு லயன்ஸ்காரர்கள் ஞாபகம்தான் வருகிறது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கதை உனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் பாதிக் கதைதான் எல்லோரும் சொல்வார்கள். முன்பெல்லாம் விமானத்துக்கு ஓர் அட்டை, அட்டைகள் வைத்த சுழல்பெட்டி, அதைச் சுற்றி ஊழியர்கள் என்று முன்பதிவு நடந்தது. ஐபிஎம்மோடு சேர்ந்து அவர்கள் கொண்டுவந்த சேபர் என்ற முன்பதிவுக் கணினி அமைப்பு 1964-ல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1976 முதல் அதன் முனையங்களைப் பயண ஏஜென்ட்டுகளின் மேஜையிலேயே வைத்தார்கள். முகவர் பெரும்பாலும் திரையின் முதல் பக்கத்திலேயே டிக்கெட்டைப் போட்டுவிடுவார், அந்த முதல் பக்கத்தில் இவர்கள் விமானங்கள் முன்னால் நிற்கும். போட்டியாளர்கள் கொதித்தார்கள். 1984-ல் அமெரிக்க அரசு விதி போட்டு அந்தப் பாரபட்சத்தை நிறுத்தியது. பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடும்.

மீதிக் கதைதான் சுவாரசியம். இத்தனை வருட முன்பதிவும் பதிவாகிக் கிடந்ததால், எந்தத் தடத்தில் எந்த நாளில் யார் எப்போது டிக்கெட் வாங்குகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்தது. சுற்றுலாப் பயணி வெகு முன்னதாகவே வாங்குவார், விலை பார்ப்பார். வேலையாகப் போகிறவர் கடைசி நேரத்தில் வருவார், விலை பார்க்க மாட்டார். அப்படியானால் எத்தனை இருக்கையை மலிவாக விற்கலாம், எத்தனையைக் கடைசிவரை பிடித்து வைக்கலாம்? முன்பு அனுபவசாலி ஒருவரின் ஊகமாக இருந்த இந்த முடிவு, விமானத்துக்கு விமானம் கணக்குப் போட்டு எடுக்கிற முடிவாக மாறியது. அந்தத் தைரியத்தில் 1985 ஜனவரியில், முன்கூட்டி வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கினார்கள். எல்லா இருக்கையையும் மலிவாக விற்றுக்கொண்டிருந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற விமான நிறுவனம் அதற்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறி, 1987-ல் கான்டினென்டல் என்ற இன்னொரு விமான நிறுவனத்தோடு கரைந்து போனது. அளவுக்கு மீறி விரிவாக்கியதும் அதன் வீழ்ச்சிக்குக் காரணம்தான், எல்லாவற்றையும் கணினி தலையில் கட்டக் கூடாது. ஆனால் முன்பதிவுக்காக வாங்கிய இயந்திரம், விலை வைக்கிற முடிவை மாற்றிவிட்டது பார், நான் வியூகம் என்று சொல்வது இதைத்தான்.

இனி உன் கம்பெனிக்கு வருவோம். மாதாந்திர மீட்டிங்கில் மூன்று பிரிவும் மூன்று விற்பனை எண்ணைக் கொண்டுவருகிறார்கள் என்று புலம்பியிருந்தாய். நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் இதே கூத்துதான். விற்பனைப் பிரிவு ஆர்டர் வந்த நாளைக் கணக்கில் எடுக்கும், கிடங்கு லாரி கிளம்பிய நாளை எடுக்கும், கணக்குப் பிரிவு இன்வாய்ஸ் போட்ட நாளை எடுக்கும். திரும்பி வந்த சரக்கை எந்த மாதத்தில் கழிப்பது என்பது தனிச் சண்டை. மீட்டிங்கில் பாதி நேரம் இதிலேயே போய்விடும். எல்லோரும் இதைக் கணினிப் பிரச்சினை என்றே நினைத்திருந்தார்கள். தோண்டிப் பார்த்தால் ஊக்கத்தொகைப் பிரச்சினை! மாதக் கடைசியில் விற்பனையாளர்கள் தெரிந்த டீலர்களிடம் கெஞ்சி ஆர்டர் வாங்குவார்கள், அடுத்த மாதம் பிறந்ததும் அதில் பாதி ரத்தாகும். ஊக்கத்தொகை கைக்கு வந்துவிடும். அந்தப் பொய் ஆர்டரை நம்பி உற்பத்திப் பிரிவு சரக்கு செய்து கிடங்கை நிரப்பும். சரக்கு வெளியே போனால்தான் விற்பனை என்று மேலிடம் முடிவு செய்த அன்றைக்கு விற்பனைப் பிரிவில் ஒரே கலவரம். ஆனால் உற்பத்தித் திட்டம் அதன் பிறகுதான் உருப்பட்டது. சாஃப்ட்வேர் அதே பழைய சாஃப்ட்வேர்தான்.

ஆகவே எதை விற்பனை என்று எண்ணுவது என்ற இந்த முடிவை, சாஃப்ட்வேர் விற்கிறவரின் கன்சல்டன்ட்டிடம் விடாதே. உங்கள் மேலிடம் எடுக்க வேண்டிய முடிவு அது. எடுக்காமல் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் லிடில் இருக்கிறது. ஊரெல்லாம் கடை வைத்திருக்கும் சங்கிலி நிறுவனம். எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக சாஃப்ட்வேரைக் கொண்டுவர 2011-ல் தொடங்கிய திட்டத்தை 2018-ல் கைவிட்டார்கள். சுமார் 50 கோடி யூரோ போனதாகச் செய்திகள் வந்தன. பல காரணங்கள் சொல்லப்பட்டன, எனக்கு மறக்காதது ஒன்று. லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடும், அந்த சாஃப்ட்வேரோ விற்பனை விலையில் மதிப்பிடும்படி அமைந்தது. இவர்கள் தங்கள் வழக்கத்தை விடவில்லை, சாஃப்ட்வேரைத்தான் பிய்த்துப் பிய்த்துத் தைத்தார்கள். அந்த வழக்கம் நம் பலமா, வெறும் பழக்கமா என்பதை முதல் வருடமே உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். பலம் என்றால் வேறு சாஃப்ட்வேர் பார்ப்பது, பழக்கம் என்றால் விட்டுவிடுவது.

எத்தனை ரிப்போர்ட் வேண்டும் என்று ஒவ்வொரு பிரிவையும் கேட்டுப் பட்டியல் தயாரிப்பதாகச் சொன்னாய். வேண்டாம். கேட்டால் எல்லாம் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். மேலாண்மை அறிஞர் ரஸல் ஆக்காஃப் 1967-லேயே எழுதிவிட்டார்: மேலாளர்களுக்குத் தேவையான தகவல் குறைவாக இருப்பதைவிட, தேவையில்லாத தகவல் குவிந்து கிடப்பதுதான் பெரிய தொல்லை. தான் எடுக்கிற முடிவு எப்படி நடக்கிறது என்று சரியாகத் தெரியாதவர், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கேட்பார் என்றும் சொன்னார். அதனால் இப்போது போகிற ரிப்போர்ட்டுகளில் சிலவற்றைச் சத்தமில்லாமல் நிறுத்திப் பார். யார் கூப்பிட்டுக் கேட்கிறார்கள் என்று கவனி. நாங்கள் ஒருமுறை அப்படி நிறுத்திய ஒரு கனமான ரிப்போர்ட்டைக் கேட்டு ஒரே ஒரு போன்தான் வந்தது. அதை ஃபைலில் போட்டு வைக்கிறவரிடமிருந்து!

ஏஐ வந்துவிட்டதே, இனி இதெல்லாம் வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தாய். அதற்கும் பழைய கதை ஒன்று இருக்கிறது. திரும்பி வரும் சரக்குக்குக் காரணம் குறிக்க எங்கள் கிடங்குத் திரையில் ஒரு பட்டியல் இருந்தது. முதல் வரி 'பேக்கிங் சேதம்'. மாதாமாதம் பேக்கிங் சேதம் ஏறிக்கொண்டே போக, பேக்கிங்குக்கு வேறு அட்டைப்பெட்டி வாங்கி நிறையச் செலவழித்தோம். எண் அசையவில்லை. நேரில் போய்ப் பார்த்தால், லாரி வாசலில் நிற்கிறது, டிரைவர் அவசரப்படுத்துகிறார், கிடங்குத் தம்பி முதல் வரியைத் தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகிறான். அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அந்தத் தகவலால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை, யாரும் வந்து சொன்னதும் இல்லை. உண்மையான காரணம், டீலர் கேட்காத அளவில் சரக்கு போனது. இந்தத் தரவை இன்றைய ஏஐயிடம் கொடுத்திருந்தால், பேக்கிங்கை மாற்றச் சொல்லி அழகான அறிக்கை எழுதித் தந்திருக்கும்.

சாஃப்ட்வேர் விற்கிறவரின் டெமோ அடுத்த மாதம் என்றாய். அதற்குள் இப்போது உங்களிடம் இருக்கிற ரிப்போர்ட்டுகளின் பெயரையும், எதிரே யார் படிக்கிறார், படித்து என்ன செய்கிறார் என்பதையும் எழுதி எனக்கு அனுப்பு. எக்செல்லில் வேண்டாம், கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினாலே போதும். டெமோவில் அவர்களாகத் தயார் செய்து கொண்டுவந்த திரையை மட்டும் காட்டவிடாதே. உங்கள் திரும்பி வந்த சரக்கு ஒன்றை, ஒரு ரத்தான ஆர்டரை எடுத்துக்கொண்டு போய், இதைப் போட்டுக் காட்டு என்று கேள். அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று மறக்காமல் எழுது.

அப்புறம், வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்