மல்லிகாவுக்கு, பழைய போட்டோ ஒன்றுடன்

எல்லீஸ் நகர், மதுரை.

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. போனில் பேசினால் பேரன் பாதியில் பிடுங்கிக்கொள்கிறான் என்று நீ கடிதத்துக்கு மாறியது நல்லதாய்ப் போயிற்று. நீ சொன்ன தைலத்தை முழங்காலுக்குத் தேய்த்துப் பார்த்தேன். வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாடைக்குப் பயந்து வீட்டில்தான் யாரும் பக்கத்தில் வருவதில்லை. இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது ரசத்தில் மிதக்கிற கடுகு வரைக்கும் தெரிகிறதாம். அதனால் சமையலில் குறையும் தெரிகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "ராமாயணம் படிக்கிற வயசில் கொலைக் கதை படித்துக்கொண்டு கிடக்கிறாயே, அதில் என்னடி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். ராமாயணத்தில் மட்டும் என்ன இருக்கிறது? கூனி இல்லாவிட்டால் கதை அயோத்தியைத் தாண்டியிருக்காது.

ஆனால் நான் இப்போது படிப்பவை ஹாஸ்டலில் நாம் படித்த மாதிரிக் கதைகள் இல்லை. நாளுக்கு ஐம்பது பைசா வாடகைக்கு மாத நாவல் எடுத்து, தலையணைக்கு அடியில் வைத்து ஆறு பேர் படிப்போமே, அதில் கொன்றது யார் என்பதுதான் எல்லாம். நீ கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு அதை எங்களிடமும் சொல்லித் தொலைப்பாய். இந்தப் புத்தகங்களில் உன் வேலை பலிக்காது. யார் செய்தது என்று நமக்கு முதலிலிருந்தே தெரியும். அவன் அடுத்து என்ன பொய் சொல்லப்போகிறான், அதற்கு முன்னால் சொன்ன பொய்யோடு அது ஒட்டுமா என்பதுதான் நம் கவலை.

பெங்களூரிலிருந்து வந்த மகள் ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனாள். பேட்ரீஷியா ஹைஸ்மித் என்கிற அமெரிக்க அம்மா எழுதிய 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி'. 1955இல் வந்தது. நியூயார்க்கில் சில்லறை மோசடி செய்து காலம் தள்ளுகிற டாம் ரிப்ளி என்கிற பையனை ஒரு பணக்கார அப்பா பிடிக்கிறார். இத்தாலியில் ஊர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் மகனை எப்படியாவது பேசிக் கூட்டி வா என்று செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்புகிறார். இவன் போய் மகனைப் பார்க்கிறான். கடல், வீடு, சட்டை, மோதிரம், வேலையே செய்யாத பகல்கள். கூட்டி வர வேண்டியவனுக்கு அந்த மகனாகவே ஆகிவிட வேண்டும் என்று ஆசை வந்துவிடுகிறது. ஒருநாள் நண்பன் வீட்டில் இல்லாதபோது அவன் உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று அவனைப் போலவே பேசிப் பார்க்கிறான். அந்த நேரம் பார்த்து நண்பன் வாசலில் வந்து நிற்கிறான். மல்லிகா, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம் படகில் வைத்துத் துடுப்பால் அடித்துக் கொன்றுவிடுகிறான். அதிலிருந்து செத்தவன் பெயரிலேயே வாழ்கிறான், கையெழுத்துப் போடுகிறான், பணம் எடுக்கிறான். முப்பது வருஷம் மாதிரிக் கையெழுத்து அட்டையைப் பார்த்துப் பார்த்தே கண் போனவள் நான், எனக்கு அந்த இடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள். வங்கிக்காரர்கள் சரியாகவே சந்தேகப்படுகிறார்கள். "இது உங்கள் கையெழுத்துதானா?" என்று கடிதம் வருகிறது. "என்னுடையதுதான்" என்று அவனே பதில் எழுதுகிறான், அதிலும் அதே கள்ளக் கையெழுத்துதான்! நான் கவுன்டரில் இருந்திருந்தால் நேரில் வரச் சொல்லியிருப்பேன். ஆனால் படிக்கும்போது என் மனசு என்ன சொன்னது தெரியுமா? "ஐயோ, மாட்டிக்கொள்ளப் போகிறானே" என்று அடித்துக்கொண்டது. கொலைகாரனுக்காக என் கை வேர்த்தது.

நீ எப்படியும் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பாய் என்பதால் சொல்லிவிடுகிறேன், அவன் மாட்டவே இல்லை. கள்ள உயில் எழுதிச் செத்தவன் சொத்தையும் வாங்கிக்கொள்கிறான். அந்த அம்மா அவனை வைத்து இன்னும் நான்கு நாவல் எழுதினார், கடைசி 1991இல்.

நம் தமிழம்மா அழுக்காறாமை அதிகாரம் நடத்தினது ஞாபகம் இருக்கிறதா? அழுக்காறு என்றால் அழுக்கு ஆறு, நம் கிருதுமால் நதிதான் என்று நான் பதில் சொல்லி வெளியே நின்றேனே! அதில் 169ஆம் குறள். பொறாமைக்காரன் நன்றாக வாழ்வதும் நல்லவன் கெட்டுப்போவதும் 'நினைக்கப் படும்' என்று வள்ளுவர் நிறுத்திவிடுகிறார். அவன் கெடுவான் என்று அங்கே சொல்லவில்லை. முந்தின குறளில் சொன்னவர்தான், இதில் யோசித்துப் பார் என்று மட்டும் விடுகிறார். பரிமேலழகர் உடனே பழவினையைக் கொண்டுவந்து கணக்கை நேர் செய்துவிடுகிறார். ரிப்ளி கதையில் கணக்கை நேர் செய்ய யாருமே வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

நகைக்கடைகள் இருக்கிற தெற்காவணி மூல வீதிப் பக்கம் போகும்போதெல்லாம் இப்போது எனக்குச் சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் நினைப்பு வருகிறது. கண்ணகி, கோவலன், பாண்டியன் என்று எல்லார் பக்கமும் நின்று அழுதாயிற்று. அவன் பக்கம் யார் நின்றார்கள்? அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருக்கிறான். என்றைக்கு வெளியே வருமோ என்று தூக்கமில்லாமல் கிடந்திருப்பான். ஊருக்குப் புதிய ஒருவன் அதே மாதிரிச் சிலம்போடு அவனிடமே வந்து இதற்கு விலை மதிப்பிட முடியுமா என்று கேட்கிறான். "இங்கேயே இருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அரண்மனைக்கு நடக்கிறான் பார், அந்த நடை! எவ்வளவு தூரம் இருந்திருக்கும்? நடுவில் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பானா? அந்த நடையை மட்டும் ஒரு நாவலாக யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு.

ரூத் ரெண்டல் என்கிற இங்கிலாந்து அம்மாவின் புத்தகம் ஒன்றும் படித்தேன், 1977இல் வந்தது. யார் கொன்றாள், யாரைக் கொன்றாள், எதற்காகக் கொன்றாள் என்று மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதுதான் காரணம். அதை மறைத்து ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். எனக்கு எங்கள் கிளைக்கு வருகிற ஒரு பெரியவர் ஞாபகம் வந்தார். ஒவ்வொரு தடவையும் சட்டைப் பையைத் தடவி, "கண்ணாடியை மறந்துட்டேன் தாயீ, செலானை நீயே எழுதிரு" என்பார். பதினோரு வருஷம் மறந்தார். நானும் பதினோரு வருஷம் நம்பினேன். அந்தத் தடவலில் எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

இப்போது வருகிற பல புத்தகங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. கதை சொன்னவளே பொய் சொல்லியிருக்கிறாள் என்று கடைசி அத்தியாயத்தில் குண்டு போடுகிறார்கள். ஒரு தடவை சரி. நாலாவது புத்தகத்திலும் அதே என்றால், நம்மைப் பைத்தியக்காரியாக்கிப் பார்க்கிறார்கள். ரிப்ளி நம்மிடம் பொய்யே சொல்வதில்லை. மற்றவர்களிடம்தான் சொல்கிறான்.

அப்புறம் அந்தப் பொறாமை. கோடீஸ்வரனைப் பார்த்து நமக்கு வயிறு எரிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி, ஓர்ப்படியாள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இவர்களைப் பார்த்துத்தான் எரிகிறது. பங்காளிக் காய்ச்சல் என்று நம் ஊரில் பெயரே வைத்துவிட்டார்கள். பிடிக்காதவர்கள் மேல் வந்தால்கூடப் பரவாயில்லை. பிரியமானவர்கள் மேல் வரும்.

இனி கண்ணாடி விஷயம். 1982இல் உன் அப்பா உனக்கு அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலை வாங்கித் தந்தார். நீ ஒரு தடவை கட்டிவிட்டு மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் போடிக்குப் போனாய். சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த சனிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டேன். உன்னை மாதிரியே தலையை ஒரு பக்கம் சாய்த்து. பேர் கேட்டார்கள், மல்லிகா என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நீ திரும்பி வந்து முந்தானையில் கறையைப் பார்த்தாய். சலவைக்காரர் வேலை என்று நினைத்து அவரைப் பிடித்துக் கத்தினாய். அவர் சத்தியம் செய்தார். நானும் உன் பக்கத்தில் நின்று அவரைத் திட்டினேன், உன்னைவிடச் சத்தமாக. அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் உன் பேர் இருக்கும். கறையைத் தேடாதே, தெரியாது. போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் காபி குடிக்கப் போனேன்.

உன்,
வசந்தா