பிரபுவுக்கு, மீன் சாப்பாடு பற்றி

ராயபுரம்,
சென்னை.

அன்புள்ள பிரபு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இந்த வாரம் பரவாயில்லை. மாடி வீட்டுப் பையன் வேலைக்காக மஸ்கட் வருகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பையையும் கொடுத்து விடுகிறேன். அங்கே நீயும் மீன் தொட்டி வைத்துவிட்டு, "அம்மா, நீ மீனுக்குச் செய்யுற சாப்பாட்டு ரெசிப்பி அனுப்பு" என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ரெசிப்பி கடைசியில்தான் வரும். அதற்கு முன், உன்னிடம் நான் சரியாகச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. 2021-ல் நீ கிளம்பும்போது நம் வீட்டு நாலடிக் கடல் மீன் தொட்டியில் இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டாம்சல் மீன், ஃபாக்ஸ்ஃபேஸ் என்கிற மஞ்சள் நரிமூஞ்சி மீன் ஒன்று விட்டுவிட்டுப் போனாய். மறு வருஷம் கோமாளியில் ஒன்று செத்தபோது "வயசாகியிருக்கும்டா" என்றேன். வயசெல்லாம் ஆகவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி பத்து வருஷத்துக்கு மேலும் இருக்கும். அது என் கைச் சாப்பாட்டால்தான் போனது என்று நினைக்கிறேன்.

நீ வாங்கி வைத்த பெல்லட் (மீனுக்கான உருண்டைத் தீவனம்) தீர்ந்ததும் கடையில் விலை கேட்டேன். உள்ளங்கையில் அடங்குகிற டப்பா. அந்தக் காசுக்கு அரைக் கிலோ இறால் வாங்கலாம். நான் காசிமேட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் பிறந்து வளர்ந்தவள். செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் இன்றைக்குப் பிடித்ததா, ஐஸில் கிடந்ததா என்று சொல்லிவிடுவேன். கடல் மீனுக்கு என்ன போடுவது என்று எனக்கு ஒரு டப்பா சொல்லித் தருவதா? அன்றிலிருந்து நெத்திலியும் இறாலும்தான். பச்சையாக, பொடிப்பொடியாக நறுக்கி, தினம் இரண்டு வேளை. நாலும் மூடியைத் திறக்கும் முன்பே மேலே வந்து நிற்கும். நாலு மாதம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஃபாக்ஸ்ஃபேஸின் மஞ்சள், வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் குடம் மாதிரி வெளுத்தது. பெரிய கோமாளி சாப்பாட்டைப் பார்த்துத் திரும்பும், ஆனால் குறி தவறும். இறால் துண்டு ஒரு பக்கம் இறங்கும், அது இன்னொரு பக்கம் வாயைத் திறக்கும். அப்புறம் ஒரு நாள் பம்பரம் மாதிரி சுழல ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் போய்விட்டது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன், நீ ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிய அளவுகளிலேயே எல்லாம் இருந்தது.

பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படித்தாளே உன் சித்தப்பா மகள், அவள் பொங்கலுக்கு வந்தபோது "என்ன போடுறீங்க பெரியம்மா?" என்று கேட்டாள். நெத்திலி என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. நெத்திலியில் தையமினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறதாம். அது பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். நமக்கு அந்தச் சத்து குறைந்தால் பெரிபெரி வருகிறது இல்லையா, மீனுக்கும் அப்படித்தான், நரம்பு தளர்ந்துவிடும். ஃப்ரீசரில் வைத்தாலும் அந்த நொதி போகாது, வேக வைத்தால்தான் போகும். நாம் குழம்பு வைத்தும் வறுத்தும் சாப்பிடுவதால் தப்பித்துக்கொள்கிறோம். சில வகை இறாலிலும் கிளிஞ்சல் சதையிலும்கூட அது உண்டாம். 1930-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், தோலுக்காக நரி வளர்த்த ஒரு பண்ணையில் பச்சை மீனாகவே போட்டுப் போட்டு, நரிகளுக்குக் கை கால் விழுந்து செத்தனவாம். இந்தச் சங்கதி வெளியே தெரிய ஆரம்பித்ததே அதில்தான் என்றாள். "நரிக்கு வந்தது நம்ம நரிமூஞ்சி மீனுக்கும் வந்துடுச்சு" என்று அப்பா ஜோக் அடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்த மீனை அறுத்துப் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை, வேறு நோயாகவும் இருந்திருக்கலாம். ஆனால் என் மனசுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொன்னாள், அதுதான் எனக்கு நன்றாக உறைத்தது. கடலில் இந்தக் குட்டி மீன்கள் இறால் குஞ்சு மாதிரி சின்ன உயிர்களை முழுசாக விழுங்கும். ஓடு, குடல், குடலுக்குள் இருக்கும் பாசி எல்லாம் சேர்ந்துதான் அதற்குச் சாப்பாடு. நான் என்ன செய்தேன்? நமக்குச் சுத்தம் செய்கிற மாதிரியே தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை உருவி, வெறும் சதையை மட்டும் போட்டேன். சத்தில் பாதி குப்பைக்கூடைக்குப் போனது.

உடனே டப்பா கட்சிக்குத் தாவினேன். அங்கேயும் ஒரு கூத்து. கொளத்தூரில் ஒரு கடையில் விலை குறைவாக இருக்கிறதே என்று, பெரிய டப்பாவிலிருந்து பிரித்து பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்ததை வாங்கி வந்துவிட்டேன். பெயர் இல்லை, தேதி இல்லை. மீன் வாயில் வாங்கும், உடனே துப்பும். இரண்டு உருண்டையை விரலில் நசுக்கி மோந்து பார்த்தேன். பழைய தேங்காயெண்ணெயின் சிக்கு வாடை. நல்ல பெல்லட் காய்ந்த இறால் மாதிரி வாசம் அடிக்கும். அதில் இருக்கும் மீன் எண்ணெய் காற்றும் சூடும் பட்டால் கெட்டுவிடும், சி வைட்டமினும் திறந்து வைக்க வைக்கக் குறைந்துகொண்டே வரும். மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை, தேதி பார்க்காமல் வாங்கியது நான்தானே.

அதனால் பிரபு, உன் ஊர் வெயிலுக்குச் சின்ன டப்பாவாக வாங்கு. திறந்ததும் மூடியில் தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வை. பெரிய டப்பா மலிவு என்று யாராவது சொல்வார்கள். மூன்று மீன் அதைத் தின்று முடிப்பதற்குள் உனக்குக் கல்யாணமே ஆகிவிடும் (அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்). டப்பாவின் பின்பக்கம் எழுதியிருப்பதையும் படி. மீன்தூள், கிரில் (இறால் மாதிரி இருக்கும் குட்டிக் கடல் உயிர்), கணவாய் முதலில் வர வேண்டும். கோதுமை மாவு முதலில் வந்தால் அப்படியே அலமாரியில் வைத்துவிடு.

பெல்லட்தான் சோறு. நான் செய்வது தொட்டுக்கொள்ள. டப்பாக்காரன் வைட்டமினை அளந்து போடுகிறான், கடல் மீன் தன் உடம்பில் சரிவர உண்டாக்கிக்கொள்ள முடியாத ஒமேகா-3 கொழுப்பையும் சேர்க்கிறான். என் மிக்ஸியில் அந்தக் கணக்கு கிடையாது. ஆனால் புதிதாக வந்த மீன் பெல்லட்டைக் கல் என்று நினைத்து ஒதுங்கும் பார், அப்போது என் சரக்குதான் கைகொடுக்கும். இறாலைப் பிழிந்த சாற்றில் பெல்லட்டைப் பத்து நிமிடம் ஊற வைத்துப் போடு. டாம்சலை அப்படித்தான் பழக்கினேன். இப்போது வாரத்தில் நாலு நாள் பெல்லட், இரண்டு நாள் நான் அரைத்து உறைய வைக்கிற வில்லை. வெள்ளிக்கிழமை நம் அடுப்படியில் கவிச்சி கிடையாது இல்லையா, மீனுக்கும் அன்றைக்குப் பாசி மட்டும்தான்.

சரி, ரெசிப்பி. இறால் கால் கிலோ, ஓட்டோடு. தலையை மட்டும் எடுத்துவிடு, அது சீக்கிரம் கெட்டுத் தண்ணீரைக் கலக்கிவிடும். பாக்கெட்டில் உரித்து வருகிற இறால் வேண்டாம், அதில் நீர் பிடித்து நிற்க மருந்து போடுவது உண்டு. மத்ரா மீன் மார்க்கெட்டில் முழு இறாலாகவே கிடைக்கும். கடம்பா (கணவாய் வகைதான்) நூறு கிராம். கிழங்கான் மாதிரி கொழுப்பில்லாத வெள்ளைச் சதை மீன் நூறு கிராம். நெத்திலி பக்கமே போகாதே. இங்கே பச்சைச் சென்னாகுன்னி (பொடி இறால்) கிடைக்கிற நாளில் இறாலுக்குப் பதில் அதை முழுசாகப் போடுகிறேன், மீனுக்கு அதைவிட நல்லது இல்லை. காய்ந்த சென்னாகுன்னி கூடாது, உப்பும் மணலும்தான் இருக்கும். சுஷிக்கு வாங்குகிற நோரி என்கிற காய்ந்த பாசித் தாள் இரண்டு, எள்ளோ எண்ணெயோ தடவாதது. ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடி ஒரு ஸ்பூன். பூண்டு அரைப் பல். பூண்டு போட்டால் நோயே வராது என்பார்கள், அதை நான் நம்பவில்லை. வாசத்துக்கு மீன் வரும், அவ்வளவுதான்.

மிக்ஸியில் விட்டு விட்டு அரை, கூழாக்கிவிடாதே. கோமாளி வாய்க்கு வெந்தயம் அளவுத் துண்டு சரி. மாவானால் மீன் வாயில் எதுவும் நிற்காது, எல்லாம் தண்ணீரில் கரைந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறி, கண்ணாடி பூராவும் பச்சை பிடிக்கும்.

கெட்டிப்படுத்த சைனா கிராஸ் பத்து கிராம். ரம்ஜானுக்கு நஸீமா அக்கா கடல்பாசி செய்து கொடுப்பாரே, அதே சரக்குதான். ஒரு டம்ளர் தண்ணீரில் முழுசாகக் கரையும்வரை கொதிக்க விடு. நான் முதல் தடவை, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இறால் விழுதில் அதை ஊற்றிவிட்டேன். தொட்ட இடத்திலேயே உறைந்து சேமியா உப்புமா மாதிரி திரிதிரியாகிவிட்டது. விழுதுக் கிண்ணத்தை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வை. கொதித்த பாசி கை பொறுக்கும் சூட்டுக்கு வரும் நேரம் பார்த்து ஊற்றி, மளமளவென்று கிளறு. வைட்டமின் சொட்டு மருந்து விடுவதாக இருந்தால் அந்த நேரத்தில்தான், சூட்டில் விட்டால் வீண். பிறகு ஜிப் கவரில் கடலை மிட்டாய் கனத்துக்குப் பரப்பி, கத்தியின் முதுகால் கவர்மேலேயே கட்டம் போட்டு ஃப்ரீசரில் வை. வேண்டும்போது ஒரு கட்டம் உடைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இங்கே விசைப்படகுகளுக்குத் தடை, 61 நாள் இறால் விலை ஏறிவிடும் என்று நான் முன்கூட்டியே மூன்று மாதத்துக்குச் செய்து குவிப்பது வழக்கம். 2023 டிசம்பரில் மிச்சாங் புயலில் அந்தப் பழக்கம் ஒழிந்தது. மின்சாரம் இல்லாமல் ஃப்ரீசர் முழுக்க இளகிவிட்டது. மனசு வராமல் மறுபடி உறைய வைத்து, நாலு நாள் கழித்து எடுத்துப் போட்டேன். சாயங்காலத்துக்குள் தொட்டித் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அப்பாவும் நானும் ராத்திரி பதினோரு மணிவரை தண்ணீர் மாற்றினோம். ஒரு தடவை இளகினால் தூக்கிப் போட்டுவிடு, காசைப் பார்க்காதே.

உன் தொட்டியிலும் ஃபாக்ஸ்ஃபேஸ் விட்டிருப்பதாகச் சொன்னாய். அவன் நம் மார்க்கெட்டுக்கு வருகிற ஓரா மீனின் சொந்தக்காரன். முதுகு முள்ளில் விஷம் உண்டு, உள்ளே கை விடும்போது ஜாக்கிரதை. அவனுக்கு இறால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாசி இல்லாமல் முடியாது. காலையில் ஒரு துண்டு நோரியைக் கிளிப்பில் மாட்டிவிட்டு ஆபீஸ் போ. இங்கே இருப்பவனுக்கு அந்த மஞ்சள் திரும்பி வர ஆறு மாதம் ஆனது. போட்டோ அப்பா அனுப்புவார்.

போடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். வில்லையை ஒரு கப் தொட்டித் தண்ணீரில் இளக விடு, கலங்கின தண்ணீரை வடிகட்டிக் கொட்டிவிட்டு, துண்டை மட்டும் போடு. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். அது இன்னும் வேண்டும் என்று முகத்தைப் பார்க்கும். நீயும் சின்ன வயசில் அப்படித்தான் பார்ப்பாய், உனக்கு நான் போட்டுவிடுவேன். மீனுக்குப் போடாதே.

பையில் சைனா கிராஸ் இரண்டு பாக்கெட், பருப்புப் பொடி, மாவடு, ஒரு வடிகட்டி வைத்திருக்கிறேன். பருப்புப் பொடி உனக்கு. வடிகட்டி மீனுக்கு, அதில் டீ வடிகட்டாதே.

அன்புடன்,
அம்மா