2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, மூப்பர்களே, தாய்மார்களே, வராதவர்கள் சார்பில் கேட்டுப் போக வந்திருக்கும் உறவினர்களே, வணக்கம்.

கோத்தகிரி கீழ்ச்சரிவில் உள்ள நம் இருளர், குறும்பர் ஊர்களின் சங்கம் இந்த ஆண்டு நான்கு முறை கூடியது. ஐந்தாவது கூட்டம் கரடி நடமாட்டத்தால் நடக்கவில்லை. ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடியினர் நாளன்று இனிப்பு வழங்கினோம். சாதிச் சான்றிதழ் மனுக்கள் எழுதிக் கொடுத்தோம். பொங்கலுக்கு முன் நடைபாதையைச் செதுக்கினோம்.

இனி சனிக்கிழமைக் கூட்டம். செயலாளர் தன் ஆசைக்குச் சங்கப் பணத்தைக் கரைக்கிறார் என்று பேச்சு அடிபட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் மொழிகளுக்குத் தனி எழுத்து கிடையாது. பாடப்புத்தகம் பாட்டியின் வாயில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டி தேயிலைக் காட்டுக்குப் போய்விட்டால் மூன்று வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லித்தருவது? அதனால்தான் வேலைக்குப் போக முடியாத முதியவர்களையும் அங்கன்வாடிப் பிள்ளைகளையும் வாரம் ஒருமுறை ஒரே பாயில் உட்காரவைத்தோம்.

முதல் வாரம் வந்த பையனுக்கு நான்கு வயது. அங்கன்வாடியில் இரண்டு மாதமாக வாயே திறக்காதவன். பாட்டி நம் பேச்சில் "என்ன குலம்?" என்றார். "குப்பர்" என்றான், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. அப்படியானால் நீ எனக்குப் பேரன், தவில் வைத்திருக்கிறானே அவன் உனக்கு மாமன் என்று பாட்டி முறை பிரித்துச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் பையன் நான்கு மாமன்களை எண்ணிவிட்டான். அதில் ஒருவர் டீ கொண்டுவந்தவர், முறைப்படி மாமன் இல்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

குறும்பர் தாத்தா ஒருவர் வேங்கைப் பட்டையைக் கொத்தி, ரத்தம்போல் வடிந்த பாலை எடுத்துவந்து சுவரில் தேன் எடுக்கும் படம் வரையக் காட்டினார். இரவில் பாறையிலிருந்து கொடியில் இறங்குகிறவர் தேனீயைப் பார்த்துப் பாடுவாரே, அந்தப் பாட்டும் உண்டு. கைக்கறை மூன்று நாள் போகவில்லை என்று இரண்டு தாய்மார்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அப்புறம் ஆட்டம். நம் ஆட்டம் வட்டம், அதில் யாரும் வேடிக்கை பார்ப்பவர் இல்லை. நடக்கத் தெரிந்த பிள்ளை வால்பக்கம் சேர்ந்துகொள்ளலாம். குழல் ஊதுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால்தான் நிற்கும்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு பள்ளி தன் ஆண்டுவிழாவில் 'பழங்குடி நடனம்' ஆட நம் பிள்ளைகளைக் கேட்டது. இலைப் பாவாடை, தலையில் இறகு, முகத்தில் கரி. என் தாத்தா வெள்ளைச் சீலை கட்டித்தான் ஆடினார், இறகை நான் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். அனுப்ப முடியாது என்று கடிதம் எழுதினேன். அன்பளிப்பு கைநழுவியதாகச் சில உறுப்பினர்களுக்கு இன்னும் வருத்தம். அவர்கள் கடிதத்தின் நகலைப் படிக்கலாம், கோப்பில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமையாவது வந்து பார்த்திருந்தால் அந்த வருத்தம் வந்திருக்காது.

செயற்குழுவில் பதினொரு பேர். சனிக்கிழமைகளில் நான் கண்டது மூவரை. பிள்ளைகளை ரங்கசாமி மலையில் நடக்கும் பூசைக்கு அழைத்துப்போன அன்று மட்டும் புகைப்படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். மாதச் சந்தா பத்து ரூபாய். இரண்டு ஆண்டாகக் கட்டாதவர்களின் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

கணக்கைப் பொருத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. கையிருப்பு சொல்லும்படி இல்லை. சில பேருந்துச் செலவுகளுக்குச் சீட்டு கிடைக்கவில்லை, பொருளாளர் விவரம் சொல்வார். இடம் தந்த அங்கன்வாடிப் பணியாளருக்கும், சாமைக் கஞ்சி காய்ச்சிய தாய்மார்களுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி மறைக்காமல் சொல்கிறேன். தவில் தோல் மழையில் கிழிந்துவிட்டது. குழல் ஊதுகிறவர் ஒருவர்தான், எழுபதைத் தாண்டியவர். கற்றுக்கொள்ள இரண்டு பையன்கள் தயார், அவர்களுக்குக் குழல் இல்லை. செயலாளர் பொறுப்பை யார் ஏற்றாலும் சாவியைத் தந்துவிடுவேன். ரசீதுப் புத்தகம் இன்று சாப்பாடு முடியும்வரை என் பையில்தான் இருக்கும். பேனாவும் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்