அடியிலிருந்து வரும் சூடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். விதைத்து ஐந்து கிழமை ஆகியும் கள்ளி ஒன்றுகூட முளைக்கவில்லை, விதை பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்று நீ சென்ற ஞாயிறு சொன்னாய். விதையைக் குறை சொல்லுமுன் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாயா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குள் 21 பாகை இருப்பதாகச் சொன்னாய். அது சுவரில் உள்ள கருவி காட்டும் காற்றின் சூடு. ஈரமண்ணிலிருந்து நீர் ஆவியாகும்போது மண் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதிலும் ரொறன்ரோவின் மாரியில், இரவு முழுவதும் யன்னல் கண்ணாடியை ஒட்டி நிற்கும் தட்டு எவ்வளவு குளிரும் என்பதை நீயே யோசித்துப் பார். பெரும்பாலான கள்ளி விதைகள் 20 முதல் 30 பாகைக்குள், சிறப்பாக 25 பாகையைச் சுற்றித்தான் முளைக்கும். குளிர்மண்ணில் விதை உடனே செத்துப்போவதில்லை, காத்துக் கிடக்கும்; ஆனால் ஈரத்தில் நெடுநாள் கிடக்கும் விதையைப் பூஞ்சணம் முந்திக்கொள்ளும்.

கொழும்பில் எனக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆண்டு முழுவதும் சராசரி 27, 28 பாகை என்பதால், பல்கனியில் நிழலாக வைத்தால் அஸ்ட்ரோபைட்டம் என்ற கள்ளியின் விதை நாலைந்து நாளில் பச்சைப் பொட்டாகத் தலைகாட்டிவிடும். ஆனால் நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்தில் நானும் உன்னைப் போலவே விதையைத் திட்டியவன். அங்கே அப்பத்துக்குக் கரைத்த மா குளிரில் புளிக்காது என்று உன் அம்மா சட்டியைப் பழைய குளிர்சாதனப் பெட்டியின் மேல், சூடு வரும் பின்பக்கமாக வைப்பாள். ஒருநாள் அந்தச் சட்டியின் பக்கத்தில் என் விதைத்தட்டையும் வைத்தேன். ஒரு கிழமைக்குள் முளைத்துவிட்டன. அந்த மகிழ்ச்சியில் தட்டை அங்கேயே விட்டதுதான் நான் செய்த பிழை. வெளிச்சம் போதாமல், அடிச்சூடும் விடாமல், நாற்றுகள் நூலாக நீண்டு, அடித்தண்டு அழுகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

ஆகவே நாற்றுத்தட்டின் கீழே விரிக்கும் சிறிய மின்சூட்டுப் பாய் ஒன்றை வாங்கு. சுமார் 20 வாட் போதும், அதிகம் செலவு வைக்காது. அப்படிப்பட்ட பாய் பொதுவாக மண்ணை அறையின் சூட்டைவிட 5 முதல் 10 பாகை வரை உயர்த்தும். சூட்டை அளந்து தானே நிறுத்திப் போடும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதை வாங்காதே. அதன் உணர்முனையைப் பாயின்மேல் அல்ல, விதை கிடக்கும் மண்ணுக்குள்ளேயே குத்தி வை. பகலில் 25 பாகை வைத்து, இரவில் 20 வரை இறங்க விடலாம்; பாலைநிலத்தில் இரவு குளிர்வதுபோல இந்த ஏற்றயிறக்கம் பல இனங்களுக்கு உதவும். அறையைச் சூடாக்கும் ஹீட்டரின் மேல் தட்டை வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், அது மண்ணைச் சுட்டு உலர்த்திவிடும்.

கீழே சூடு இருந்தால் மண் விரைவில் காயும் என்பதால், சாடியைக் கீழிருந்து நீர் உறிஞ்ச வைத்து, ஒளி புகும் பொலித்தீன் பையால் மூடிவிடு. விதைமேல் மண் போடாதே. பல கள்ளி விதைகள் முளைக்க வெளிச்சமும் வேண்டும், ஆகவே மேலே தூவி மெல்ல அழுத்தினால் போதும்.

பாதிக்குமேல் முளைத்ததும் பாயை எடுத்துவிடு, சோம்பேறி விதைகளுக்காகக் காத்திராதே. பையையும் ஒரேயடியாகத் திறக்காமல், நாளுக்குக் கொஞ்சமாகத் திறந்து காற்றுக்குப் பழக்கு. வெளிச்சத்துக்கு யன்னலை நம்பாதே, விளக்கைப் போடு.

கூழாங்கல் போல இருக்கும் லித்தொப்ஸ் விதையும் வாங்கியதாகச் சொன்னாயே, அதைப் பாயில் வைக்காதே. அது தென்னாபிரிக்காவின் வறள்நிலத்துச் செடி. பகலில் 20 பாகையைச் சுற்றியும் இரவில் அதற்குக் கீழுமாக இருந்தால் போதும். அதிகச் சூடு அதற்கு உறக்கம் தரும். உன் அறையே அதற்குச் சரி.

பழைய தட்டை இன்னும் எறியவில்லை என்றால், பூஞ்சணம் பிடிக்காத சாடிகளை முதலில் பாயில் வைத்துப் பார். இந்த ஞாயிறு கதைக்கும்போது, காலையிலும் இரவிலும் மண்ணுக்குள் எத்தனை பாகை இருந்தது என்று அளந்து சொல்.

அன்புடன்,
அப்பா