தண்ணீருக்கு முன்பே போய்விட்ட அப்பாவைப் பற்றி அக்காவுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் அனுப்பிய குரல் பதிவில் முக்கியமான கேள்வி ஒன்றுதான் இருந்தது. ஞானஸ்நானம் (திருமுழுக்கு) வேண்டும் என்று தானே கேட்டு, தேதியும் குறித்துவிட்டு, அதற்குள் ஐசியு-வில் படுத்து, அதை எடுக்காமலே இறந்துபோன அப்பா இரட்சிக்கப்பட்டாரா, இல்லையா? தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை வாய்விட்டுக் கேட்கத் தயங்கி மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லாச் சபைகளிலும் உண்டு. அதனால் உங்கள் அனுமதியோடு, யார் பெயரும் சொல்லாமல், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை உங்களைக் காக்க வைக்க மாட்டேன்: அப்பா எதையும் இழக்கவில்லை என்றுதான் நான் நம்புகிறேன். ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

அடக்க ஆராதனை முடிந்து, ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் யோவான் 3:5ஐ எடுத்துச் சொன்னாராமே. "ஒருவன் ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டான்." அந்த இடத்தில் அந்த வசனத்தை எடுக்க ஒரு தனி மனசு வேண்டும். சரி, அது போகட்டும்.

இப்படிப்பட்ட நேரத்தில் எல்லாரும் உடனே ஓடிப்போய்ப் பிடிப்பது சிலுவையில் தொங்கிய கள்ளனைத்தான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு அவனிடம் சொன்னார். அவன் தண்ணீரில் இறங்கவில்லை, ஞானஸ்நான வகுப்பில் உட்காரவில்லை. எனக்கும் பிடித்த இடம்தான். ஆனால் உங்களிடம் பேசிய அந்த மனிதருக்கு இது பதில் ஆகாது. "கள்ளன் செத்தது இயேசு உயிர்த்தெழுவதற்கு முன்பு. சகல ஜாதிகளுக்கும் ஞானஸ்நானம் கொடுங்கள் என்ற கட்டளை (மத்தேயு 28:19) வந்தது அதற்கு அப்புறம். புதிய கட்டளைக்குப் பழைய ஆளை எப்படி உதாரணம் காட்டுவாய்?" என்று அவர் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் கள்ளனை மட்டும் நம்பி இந்த வழக்கை நடத்த வேண்டாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் வெறும் அடையாளம்தானே, எடுத்தால் என்ன எடுக்காவிட்டால் என்ன என்று சில போதகர்கள் பேசுகிறார்கள். புதிய ஏற்பாடு அப்படிப் பேசவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். அதே பேதுருவின் நிருபம், ஞானஸ்நானம் "இப்பொழுது நம்மையும் இரட்சிக்கிறது" என்று பச்சையாகவே சொல்கிறது. கூடவே, அது உடம்பின் அழுக்கைக் கழுவுகிற காரியம் அல்ல, தேவனைப் பற்றும் நல்மனச்சாட்சியின் உடன்படிக்கை என்றும் விளக்குகிறது. பவுலோ, ஞானஸ்நானத்தில் நாம் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டோம் என்று ரோமர் 6இல் எழுதுகிறார். பிலிப்பியில் அந்தச் சிறைச்சாலைக்காரன் விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நள்ளிரவில் பவுல் சீலாவின் காயங்களைக் கழுவிவிட்டு, அந்த நேரத்திலேயே வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான். விசுவாசித்துவிட்டு வருஷக்கணக்கில் சும்மா இருக்கும் ஒரு ஆளை அப்போஸ்தலருக்குத் தெரியாது. விசுவாசமும் தண்ணீரும் அவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லும் விஷயம்.

இவ்வளவு தூரம் ஒப்புக்கொண்ட பிறகுதான், யூதர் அல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டுக்குள் போக முடியும். அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பேதுரு பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு முடியவில்லை. அழைப்பு கொடுக்கவில்லை, தண்ணீர் என்ற சொல்லே இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் பரிசுத்த ஆவியானவர் கேட்டுக்கொண்டிருந்த எல்லார்மேலும் இறங்குகிறார். பேதுருவோடு வந்த யூத விசுவாசிகள் திகைத்து நிற்கிறார்கள். அப்புறம்தான் பேதுரு கேட்கிறார்: "நம்மைப்போலப் பரிசுத்த ஆவியைப் பெற்ற இவர்களும் ஞானஸ்நானம் பெறாதபடிக்கு எவனாகிலும் தண்ணீரை விலக்கலாமா?" வரிசையைக் கவனியுங்கள். தேவன் உள்ளே சேர்த்துவிட்டார், சபை பின்னால் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறது. இது கட்டளை வந்ததற்கு அப்புறம் நடந்தது, கள்ளனுக்குச் சொன்ன ஆட்சேபம் இங்கே செல்லாது. பிற்பாடு எருசலேமில் இதைப் பற்றிப் பேசும்போது, தேவன் விசுவாசத்தினாலே அவர்கள் இருதயங்களைச் சுத்தமாக்கினார் என்று பேதுருவே சொல்கிறார் (அப்போஸ்தலர் 15:9).

எதிர்த் திசையில் சீமோன் இருக்கிறான். சமாரியாவில் மாயவித்தை செய்துகொண்டிருந்தவன். முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவன். கொஞ்ச நாளில் பணத்தை நீட்டி ஆவியின் வல்லமையை விலைக்குக் கேட்டான். உன் இருதயம் தேவனுக்கு முன்பாகச் செம்மையாயில்லை என்று பேதுருவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். தண்ணீருக்கு முன்பே ஆவியைப் பெற்றவர்கள் ஒரு பக்கம், தண்ணீருக்கு அப்புறமும் மாறாதவன் ஒரு பக்கம்.

ஆபிரகாமை வைத்துப் பவுல் சொல்வதும் இதுதான் (ரோமர் 4). அவன் நீதிமானாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்பு. விருத்தசேதனம் பின்னால் முத்திரையாக வந்தது. முத்திரை இல்லாததால் உள்ளே இருப்பது பொய்யாகிவிடாது. அதே சமயம் ஆபிரகாம் முத்திரையை வேண்டாம் என்று தள்ளவும் இல்லை.

இனி வேதத்துக்கு வெளியே கொஞ்சம் வருகிறேன். அப்பாவின் கதைக்கு மிகவும் நெருக்கமான ஒரு மரணம் 392இல் நடந்தது. ரோமப் பேரரசன் இரண்டாம் வாலண்டினியன், இருபத்தொரு வயதுப் பையன். இன்றைய பிரான்ஸில் உள்ள வியேன் நகரில் இருந்தபடி, தனக்கு ஞானஸ்நானம் கொடுக்க வரும்படி மிலான் ஆயர் அம்புரோஸுக்குச் சொல்லி அனுப்பினான். அம்புரோஸ் புறப்பட்டும்விட்டார். வழியிலேயே செய்தி வந்தது: அரசன் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தான். தற்கொலையா கொலையா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. உடல் மிலானுக்கு வந்தது. அடக்க ஆராதனையில் அவனுடைய சகோதரிகள் இருந்தார்கள். உங்களைப் போலவே அவர்களும் அழுதது சாவுக்காக மட்டும் அல்ல, ஞானஸ்நானம் இல்லாமல் போய்விட்டானே என்று.

அம்புரோஸ் இளகிய ஆள் கிடையாது. சிலுவையை நம்புகிறவனே ஆனாலும் ஞானஸ்நானம் பெறாவிட்டால் பாவமன்னிப்பு இல்லை என்று தன் சபையாருக்குப் போதித்தவர் அவர். அந்த அம்புரோஸ் அன்று சகோதரிகளிடம் சொன்னதன் சாரம் இது: விரும்புவதையும் கேட்பதையும் தவிர நம் கையில் வேறு என்ன இருக்கிறது? அவன் கேட்டான், கேட்டதால் பெற்றுக்கொண்டான். தண்ணீர் படாமல் செத்த இரத்தசாட்சிகளை அவர்கள் இரத்தமே கழுவியது என்றால், இவனை இவனுடைய பக்தியும் விருப்பமும் கழுவியிருக்கும்.

எல்லாரும் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு ஆயர், நசியான்சுவின் கிரிகோரி, ஆசைப்பட்டாலே போதும் என்ற வாதத்தை ஒரு பிரசங்கத்தில் மறுத்திருக்கிறார். ஆனால் அவர் யாரைப் பார்த்துப் பேசினார் என்று பாருங்கள். நல்ல சுகத்தோடு இருந்துகொண்டே, இன்னும் கொஞ்ச நாள் பாவத்தை அனுபவித்துவிட்டுக் கடைசியில் ஒரேயடியாகக் கழுவிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களை. அந்தக் காலத்தில் அது பெரிய வழக்கம். பேரரசன் கான்ஸ்டன்டைனே 337இல் சாகும் தறுவாயில்தான் ஞானஸ்நானம் பெற்றான். அப்படிப்பட்டவர்களுக்குச் சொன்ன வார்த்தையை, தேதி குறித்துவிட்டு ஐசியு-வில் படுத்திருந்தவர்மேல் போடக் கூடாது.

பிற்காலத்தில் கண்டிப்பான சபைகளும் இந்த இடத்தில் கதவைத் திறந்தே வைத்தன. ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியமில்லை என்பவனைச் சபித்த அதே திரிதெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பேரவை), அதே 1547இல், அந்தக் கழுவுதல் "அல்லது அதன் விருப்பம்" என்று சேர்த்து எழுதியது. தேவன் இரட்சிப்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் தாம் திருமுழுக்கு போன்ற தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்று இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல் போதிக்கிறது. சீர்திருத்த சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை (1646), ஞானஸ்நானத்தை அசட்டை செய்வது பெரும் பாவம், ஆனாலும் அது இல்லாமல் ஒருவரும் இரட்சிக்கப்பட முடியாது என்றில்லை என்கிறது. பாவமன்னிப்புக்கு முழுக்கு, அதாவது உடம்பு முழுவதும் தண்ணீரில் மூழ்கி எடுக்கும் ஞானஸ்நானம், வேண்டும் என்று அமெரிக்காவில் ஓயாமல் வாதாடிய போதகர் அலெக்சாண்டர் கேம்பலிடம், முழுக்குப் பெறாதவர்களில் கிறிஸ்தவர்கள் உண்டா என்று 1837இல் ஒரு பெண் கடிதம் எழுதிக் கேட்டார். உண்டு என்று பதில் எழுதி, தன் ஆட்களிடமே திட்டு வாங்கினார் அவர்.

அப்புறம், நீங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டது: அப்பாவுக்காக நானோ தம்பியோ ஞானஸ்நானம் எடுக்கலாமா? மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பற்றி 1 கொரிந்தியர் 15:29இல் பவுல் பேசுவது உண்மை. உயிர்த்தெழுதல் இல்லை என்றால் அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று வாதத்துக்காகக் கேட்கிறார். செய்யுங்கள் என்று சொல்லவில்லை. சபை ஏற்காத பழைய பிரிவினரான மார்சியோன் கூட்டத்தார் இதை எப்படிச் செய்தார்கள் என்று பழங்காலப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் ஒரு பிரசங்கத்தில் விவரிக்கிறார். இறந்தவரின் கட்டிலுக்கு அடியில் உயிரோடு இருக்கும் ஒருவரை ஒளித்து வைப்பார்களாம். பிணத்தின் பக்கத்தில் போய், ஞானஸ்நானம் வேண்டுமா என்று கேட்பார்களாம். கட்டிலுக்கு அடியில் இருக்கிறவர், ஆமாம் வேண்டும் என்பாராம். அவருக்குத் தண்ணீர் கொடுப்பார்களாம். சபையார் சிரித்துவிடுவார்கள் என்று தெரிந்தேதான் அவர் அதைச் சொன்னார். இன்று மோர்மன் சபையினர் தங்கள் ஆலயங்களில் இறந்தவர்களுக்காக இதைச் செய்கிறார்கள். மற்றச் சபைகள் ஏற்கவில்லை. எடுக்க வேண்டாம் அக்கா. அப்பா தன் வாயாலேயே கேட்டுவிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து யாரும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

எனக்குள்ள ஒரே வருத்தம் வேறு. அந்தக் கடைசி நாட்களில் யாராவது ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுபோயிருக்கலாம். அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட திதகே என்ற சிறு நூலிலேயே இதற்கு வழி இருக்கிறது: ஓடும் தண்ணீரில் கொடு, இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்த தண்ணீர் முடியாவிட்டால் வெதுவெதுப்பானது, எதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று. கத்தோலிக்க சபையில் உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அங்கே இருக்கும் நர்ஸ்கூடச் செய்யலாம். முழுக்கு மட்டும்தான் செல்லும் என்று நிற்கும் சபைகளுக்கு ஐசியு படுக்கையை என்ன செய்வது என்று தெரிவதில்லை. போதகர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். "அப்பாவுக்கே தேவைப்படவில்லை, எனக்கு எதற்கு?" என்கிறானாம். கிரிகோரி அவனிடம் பேசட்டும்! அப்பாவுக்கு மனம் இருந்தது, வழி இல்லை. இவனுக்கு வழி இருக்கிறது. ஆபத்தில் இருப்பவனுக்குக் கிடைத்த இரக்கத்தைத் தெம்பாக இருக்கிறவன் சாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் போகும்போது தண்ணீரைப் பார்த்ததும் கேட்டானே, "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" என்று, அதே கேள்வியைத் தம்பியிடம் கேளுங்கள். உண்மையிலேயே தடை இருந்தால், சந்தேகமோ கோபமோ, அதைச் சொல்லட்டும், உட்கார்ந்து பேசலாம். அவனை அவசரப்படுத்தித் தண்ணீரில் இறக்கவும் வேண்டாம்; சீமோனை நாம் ஏற்கனவே பார்த்துவிட்டோம்.

யோவான் 3:5 சொன்ன அந்த மனிதர் நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு மறுபடியும் வருவார் என்கிறீர்கள். சண்டை வேண்டாம். மாற்கு 16:16ஐ எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்: "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான், விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்." இரண்டாம் பாதியில் ஞானஸ்நானம் பெறாதவன் என்று எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் அம்மாவோடு போய் உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்